லைஃப் ஜாக்கெட்டுடன் மச்சான் வீட்டுக்கு

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மஸ்கட்டிலிருந்து வருகிறவன் பெட்டியில் என்ன இருக்கும் என்று அவருக்கு அத்துப்படி. பேரீச்சம்பழம், சென்ட், பால் பவுடர், தலைவலித் தைலம். என் பெட்டியில் இருந்தவை: ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைஃப் ஜாக்கெட், தண்ணீருக்குள் போட்டாலும் எரிகிற டார்ச், குடிநீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை, நீளமான கயிறு, ஒரு விசில்.

"எங்க சார் போறீங்க?"

"மச்சான் வீட்டுக்கு."

"மச்சான் கடல்லயா இருக்காரு?"

"திருவாரூர் பக்கம் சார். ஊரே தண்ணில கிடக்கு."

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே தை மாத வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. "நேத்துதான் நான் திருவாரூர்லேருந்து வந்தேன். மாமியார் ஊரு," என்றார். பிறகு என் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். விசிலை எடுத்து மறுபடி உள்ளே வைத்துப் பெட்டியை அவரே மூடினார். "பாத்துப் போங்க சார்" என்றார், உடம்பு சரியில்லாதவனிடம் பேசுகிற குரலில்.

என் கலவரத்துக்குக் காரணம் ஒரு வரைபடம். இணையத்தில் 'நிலக்கண்' என்று அரசாங்கம் நடத்துகிற ஒன்று இருக்கிறது. வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுக்கிற படங்களையும், மழைக் கணிப்பையும், மண்ணின் உப்பையும், வயலின் பச்சையையும் வண்ண வண்ணமாகப் பூசிக் காட்டும். கனமழை வரும் இடம் சிவப்பு. தண்ணீர் நிற்கும் இடம் நீலம். இரண்டும் இல்லாத இடம் பச்சை. மேலே கொட்டை எழுத்தில் 'பார்த்து முடிவெடுங்கள்' என்றிருக்கும். நான் சென்னையில் பிறந்து மஸ்கட்டில் ஏ.சி. மெஷின் கிடங்கு ஒன்றை நிர்வகிக்கிறவன். கல்யாணம் ஆகிறவரை அரிசி ரேஷன் கடையில் உற்பத்தியாகிறது என்றே நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவனிடம் 'முடிவெடுங்கள்' என்று சொன்னால், எடுக்கத்தானே செய்வான்?

பொங்கல் முடிந்த வாரம் முதல் முடிவை எடுத்தேன். டெல்டா முழுவதும் சிவப்பு. என் மனைவி கல்யாணிக்கு அந்த ஊரில் கொஞ்சம் வயல் உண்டு. அதையும் தன் வயலையும் சேர்த்துப் பயிர் செய்கிறவர் அவள் அண்ணன், சேது மச்சான். அவருக்கு ஃபோன் போட்டேன்.

"மச்சான், பெரிய மழை வருது. உடனே அறுத்துடுங்க."

"இன்னும் பச்சை இருக்கே மாப்ள..."

"சிவப்பா இருக்கு மச்சான்!"

மறுமுனையில் யாரிடமோ ஏதோ கேட்டார். பிறகு, "சரி, நீங்க சொன்னா சரி" என்றார்.

சென்னையில் 'நீங்க சொன்னா சரி' என்றால் சம்மதம். அந்த ஊரில் அதற்குப் பொருள் வேறு. வீட்டு மாப்பிள்ளை சூரியன் மேற்கில் உதிக்கிறது என்றாலும், 'ஆமாம் மாப்ள, இப்பல்லாம் அப்படித்தான்' என்று நாற்காலியை மேற்கே திருப்பிப் போடுவார்களே தவிர, முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். அந்த மரியாதையில் குளிர் காய்ந்தவன்தானே நான். அறுவடை மெஷின் வயலில் இறங்கியது. மெஷின் இறங்கினதைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர்கள் விசாரித்தார்கள். 'மஸ்கட் மாப்ள ஏதோ பாத்துட்டுச் சொன்னாராம்' என்று செய்தி பரவி, அந்தத் தெருவே அறுத்துவிட்டது.

மழை வரவில்லை. சிவப்பு நிறம் மெதுவாக நகர்ந்து வேதாரண்யத்தைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கிவிட்டது. அறுத்த நெல் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் அதே வரைபடத்தில், சரியாக மச்சான் ஊரின் மேல், நீலம். முதலில் ஒரு பொட்டு. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பள்ளிக்கூடத் திடல் பூராவும் நீலம். அலறியடித்து ஃபோன் போட்டேன். "ஒண்ணும் இல்ல மாப்ள, எல்லாரும் நல்லாருக்கோம்" என்றார் மச்சான். எனக்கு வியர்த்துவிட்டது. என் மாமனார் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடந்தபோதும் இதே வாக்கியத்தை, இதே ராகத்தில்தான் சொன்னார். மாப்பிள்ளையைக் கலவரப்படுத்தக் கூடாதாம்.

வரைபடத்தின் கீழே ஒரு கேள்வி வந்தது: 'இங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறதா?' கீழே ஒரே ஒரு பொத்தான்: 'ஆம், நேரில் பார்த்தேன்.' நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். மச்சான் மனைவி மங்கை மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறாள், மச்சான் அண்டாவில் மிதக்கிறார். அழுத்தினேன்.

என் ஓமானி முதலாளியிடம் வரைபடத்தைக் காட்டி விடுப்புக் கேட்டேன். அவர் அரபியில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "கடலா வந்துவிட்டது? எங்கள் ஊரில் இவ்வளவு நீலம் இருந்தால் விழா எடுப்போம். போ, போய்ப் பார்த்துவிட்டு வா." மகளுக்குப் பரீட்சை என்பதால் கல்யாணி வர முடியவில்லை. நான் மட்டும் கிளம்பினேன்.

தஞ்சாவூரில் பஸ் மாறும்போது அசோகா வாங்கிக்கொண்டேன். பாசிப்பருப்பில் செய்து நெய் ஒழுக இலையில் வைத்துத் தருகிற அல்வா. திருவையாற்றுச் சரக்கு என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். வெள்ளத்தில் தவிக்கிற குடும்பத்துக்கு அல்வா வாங்கிக்கொண்டு போகிறோமே என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது. வெறுங்கையோடு போகிற மாப்பிள்ளை என்ற பெயர் அதைவிட மோசம். அரைக் கிலோவை ஒரு கிலோவாக்கினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம். ரோட்டின் பாதியில் நெல், மீதிப் பாதியில் பஸ். தங்க நிறத்தில் நீளமாகப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்து அணை கட்டியிருந்தார்கள். மஸ்கட்டில் கார் அழுக்காக இருந்தால் போலீஸ் அபராதம் போடும். ரோடு அவ்வளவு சுத்தம், சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். இங்கே நிஜமாகவே சோற்றை ரோட்டில்தான் போட்டிருக்கிறார்கள். டிரைவர் நெல்லை மிதிக்காமல் வண்டியை ஒடித்து ஒடித்து ஓட்டினார். ஓரிடத்தில் சக்கரம் ஏறிவிட்டது. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து, "ஏறு, ஏறு, நல்லா ஏறு! நாளைக்கு உன் தட்டுலதான் விழும்" என்றார். டிரைவர் பவ்யமாக ஹாரன் அடித்தார்.

எனக்கு இவ்வளவு வெயிலில் நெல் காய்கிறதே என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. 'இங்கே வடிந்துவிட்டது, அங்கே நிற்கிறது' என்று நானே ஒரு பூகோளம் வைத்துக்கொண்டேன்.

திருவாரூரில் ஆட்டோ பிடித்தேன். மெயின் ரோட்டில் வெள்ளம் இருக்கும், குறுக்கு வழியில் போங்கள் என்று டிரைவருக்கு ஃபோனைக் காட்டி வழி சொன்னேன். ஃபோன் எங்களை ஒரு வாய்க்கால் கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. எதிரே பாலம். அதாவது, இரண்டு பனைமரம்.

"சார், உங்க ஃபோன்ல பாலம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அதுல நீங்க போங்க. நான் இப்படியே திரும்பிடறேன்."

பனைமரத்தில் நடக்க எனக்குத் தைரியம் இல்லை. வாய்க்காலில் இறங்கிக் கடக்கலாம் என்று தீர்மானித்தேன். ஆழம் தெரியாதே? லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, எல்லா வாரையும் இறுக்கி, விசிலை வாயில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தலையில் ஏற்றி இறங்கினேன். தண்ணீர் முழங்கால் வரை வந்தது. அதற்குமேல் வர மறுத்துவிட்டது. அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் துவைப்பதை நிறுத்தினார்கள்.

"யாருடி இது?"

"மங்கை வீட்டுக்கு வர்ற மாப்ள மாதிரில்ல இருக்கு. மஸ்கட்டு."

"ஓ, நெல்ல அறுக்கச் சொன்னவரா?" என்றார் முதலாமவர். பிறகு என்னைப் பார்த்து மிகுந்த மரியாதையுடன், "வாங்க, வாங்க" என்றார்.

அப்படியாக, ஆரஞ்சு நிறத்தில் சொட்டச் சொட்ட ஊருக்குள் நுழைந்தேன். ஊரில் ஒரு பொட்டுத் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத் திடல் நீலமாகத்தான் இருந்தது. அந்த முனையிலிருந்து இந்த முனைவரை நெல் குவியல்கள்; குவியல்கள் மேலெல்லாம் நீல நிறத் தார்ப்பாய். வெயிலில் பளபளவென்று, காற்றில் லேசாக அலையடித்துக்கொண்டு, பார்க்க அசல் குளம்போலவே இருந்தது. செயற்கைக்கோளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கே காலை நனைக்கலாம் போலிருந்தது.

விஷயம் இதுதான். பச்சையில் அறுத்த நெல் ஈரம். அரசுக் கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கும் மெஷினை வைத்துப் பார்த்து, "காயவெச்சு எடுத்துட்டு வாங்க" என்று திருப்பிவிட்டார்கள். தெருவே ஒரே சமயத்தில் அறுத்ததால் காயவைக்க ரோடு போதவில்லை. முறை வைத்துக்கொண்டு பாதி நெல் ரோட்டில் காய, மீதி திடலில் தார்ப்பாய்க்குள் காத்திருந்தது. ஈர நெல் ரொம்ப நாள் குவியலில் கிடந்தால் சூடேறி முளைத்துவிடும். முளைத்தால் அந்த வருஷம் அவ்வளவுதான். இதை எனக்குச் சொன்னவர் டீக்கடைக்காரர். மச்சான், "வாங்க மாப்ள, பிரயாணம்லாம் சௌகரியமா?" என்று மட்டும் கேட்டார். ஜாக்கெட்டைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. "நல்லாருக்கு" என்றார்.

சாப்பாட்டில்தான் கோபம் தெரிந்தது. விரால் மீன் குழம்பு, வறுவல், முட்டை, நாட்டுக்கோழி, அப்பளம், பாயசம். அந்த வீட்டில் கோபம் ஏற ஏறப் பதார்த்தமும் ஏறும். போன தடவை இவ்வளவு கறி வைத்தது, நான் மாமனார் கருமாதிக்கு வரவில்லை என்பதற்காக. மச்சான் மனைவி மங்கை நேரடியாக என்னிடம் ஒரு சொல் கடுமையாகச் சொல்லவில்லை. முற்றத்தில் மேய்ந்த கோழியிடம் பேசினாள்.

"ஏய், சூ! அந்தப் பச்சை நெல்லத் திங்காத. மஸ்கட்ல யாராச்சும் வருத்தப்படப் போறாங்க." உடனே என் பக்கம் திரும்பி, "இன்னொரு துண்டு வெச்சுக்குங்கண்ணே."

"போதும் தங்கச்சி."

"ஏ கோழி, போதும்னா போதுமா? நமக்கெல்லாம் வானத்துலேருந்து பாத்து யாராச்சும் சொல்லணும்ல?"

கோழி ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் அந்த வீட்டு மாப்பிள்ளைதான் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் கொள்முதல் நிலையத்திலிருந்து ஆள் வந்தார். மச்சானை ஓரமாக அழைத்துப் பேசினார். பேசி முடித்து இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல மாப்ள," என்றார் மச்சான்.

வந்தவர் எங்கள் உறவு இல்லை; அதனால் உண்மையைச் சொன்னார். "சார், கம்ப்யூட்டர்ல இந்த ஊரு வெள்ளப் பகுதின்னு வந்துடுச்சு. வெள்ளப் பகுதில கொள்முதல் கிடையாது. தானா பூட்டிக்கிச்சு. யாரோ நேர்ல பாத்துட்டு உறுதி பண்ணியிருக்காங்களாம். யாருன்னுதான் தெரியல, கட்டையில போறவன்."

எனக்குத் தெரிந்தது. அசோகாவை எடுத்து அவருக்கு நீட்டினேன்.

மறுநாள் மச்சானும் நானும் திருவாரூரில் நிலக்கண்ணைக் கவனிக்கிற அலுவலகத்துக்குப் போனோம். சுவர் அளவு திரை. அதில் மாவட்டம் பூராவும் பச்சையாக இருக்க, நடுவே எங்கள் ஊர் மட்டும் நீலக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பொறுப்பில் இருந்தவர் இளம்பெண். சாந்தமானவர். கணினியில் எதையோ படித்துவிட்டுக் கேட்டார்:

"மஸ்கட்லேருந்து நேர்ல பாத்தது நீங்கதானா சார்?"

"பொத்தான் அது ஒண்ணுதான்மா இருந்துச்சு."

"சரி. இதுல நீங்களும் நானும் ஒண்ணும் பண்ண முடியாது சார். தண்ணி வடியணும்."

"தண்ணியே இல்லையேம்மா!"

"அப்ப வடியறது சுலபம்தானே?"

 மச்சான், "மேடம் சொல்றது சரிதான் மாப்ள" என்றார். அவருக்கு 'இல்லை' சொல்லத் தெரியாத வியாதி, கவர்மெண்ட் வரை பரவியிருக்கிறது.

அந்தப் பெண் முறையை விளக்கினார். வரைபடத்தில் கைவைத்துத் திருத்த யாருக்கும் அனுமதி இல்லை. நாளைக் காலை செயற்கைக்கோள் எங்கள் ஊரைக் கடக்கும். அதன் கண்ணில் நீலம் படக் கூடாது. மீட்புக் குழு ஒன்று ஏற்கெனவே கிளம்பிவிட்டது. அவர்களும் வந்து பார்த்து, படம் எடுத்து, 'தண்ணீர் இல்லை' என்று பதிந்தால் பூட்டு தானாகத் திறக்கும்.

"தார்ப்பாய எடுத்துடுங்க சார், அவ்வளவுதான்."

"மழை வந்தா?"

அவர் திரையைப் பார்த்தார். "மழை இல்ல சார். எல்லாம் பச்சை."

சுருக்கமாக, வரைபடத்தைத் திருத்த முடியாது, ஊரைத் திருத்தலாம். முதுகளவு எடுக்காமல் சட்டை தைத்துவிட்டுக் கூனச் சொல்கிற தையல்காரர்கள் எனக்குச் சென்னையில் பழக்கம். இது மாவட்ட அளவில்.

ஊர் திரும்பி டீக்கடையில் மாநாடு. மழை வருமா வராதா? டீக்கடைக்காரர் வராது என்றார். பஞ்சாங்கம் பார்க்கிறவர் வராது என்றார். வேதாரண்யத்தில் உப்பளத்தில் இருக்கிற தன் சகலைக்கு ஃபோன் போட்டுக் கேட்ட ஒருவர், 'அவன் உப்ப மூடாம தூங்கறான்' என்றார். மச்சான் வானத்தைப் பார்த்து, வடக்கே பார்த்து, மண்ணைத் தொட்டுப் பார்த்து, வராது என்றார். நிலக்கண்ணும் வராது என்றது. அந்தக் கடையில் இவ்வளவு பேர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது எனக்கு மட்டும்தான். ஆனால் என் படபடப்பை இனி யார் மதிப்பார்கள்?

மூன்றாம் நாள் காலை, ஊரே சேர்ந்து தார்ப்பாய்களை உருவி, மடித்து, ஒரு டிராக்டரில் ஏற்றியது. திடலிலேயே வைத்தால் டிராக்டரும் நீலமாகத் தெரியும் என்று யாரோ புத்திசாலித்தனமாகச் சொல்ல, அதை ஊர்க்கோடியில் ஒரு கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். புத்திசாலி நான்தான்.

செயற்கைக்கோள் கடக்கிற நேரத்தில் எல்லோரும் அண்ணாந்து நின்றோம். ஒன்றும் தெரியவில்லை. "போயிடுச்சா?" என்று மங்கை கேட்டாள். "போயிருக்கும்" என்றேன். ஏதோ மந்திரி கார் கடந்ததுபோல எல்லோரும் கலைந்தார்கள்.

சாப்பாட்டு வேளைக்கு மீட்புக் குழு வந்தது. ஒரு லாரி. அதன் மேல் இரண்டு ரப்பர் படகு, ஏற்கெனவே காற்று அடைத்து, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற மாதிரி கம்பீரமாக. தலைவர் வடநாட்டுக்காரர், பெரிய மீசை, இந்தி மட்டும். மஸ்கட் புண்ணியத்தில் எனக்கு இந்தி வரும் என்பதால் மொழிபெயர்ப்பாளன் ஆனேன்.

"வெள்ளம் எங்கே?" என்றார் தலைவர்.

"தலைவர் கேக்கறாரு, ஊர்ல எல்லாரும் சௌக்கியமான்னு," என்றேன் தமிழில்.

மச்சான், "இவனுங்க லாரிய நெல்லு மேல ஏத்திட்டானுங்க, மொதல்ல அத எடுக்கச் சொல்லுங்க மாப்ள" என்றார்.

"உங்களை வரவேற்கிறார். வண்டியை அந்த நிழலில் நிறுத்தினால் சாப்பாடு தயார் என்கிறார்," என்றேன் இந்தியில்.

தலைவர் நெகிழ்ந்துபோனார். லாரி நகர்ந்தது. காய்ந்த திடலைப் படம் எடுத்தார்கள். 'தண்ணீர் இல்லை' என்று பதிந்தார்கள். மங்கை வீட்டில் எட்டுப் பேருக்கு இலை போட்டாள். என்மேல் இருந்த கோபத்துக்குச் சமைத்ததில் மிச்சமே அவ்வளவு இருந்தது. தலைவர் மீன் குழம்பைப் பார்த்து, தான் சைவம் என்றார். கோழியிடம் மங்கை ஏதோ சொன்னாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அவர்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது கிழக்கே இருட்டியது.

மஸ்கட்டில் மழை என்றால் கிடங்கில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்து கை நீட்டுவோம், செல்ஃபி எடுப்போம். இங்கே முதல் துளி விழுந்ததும் தெருவில் ஒரு சத்தம் எழுந்தது. வார்த்தை இல்லாத சத்தம். ஆண், பெண், பிள்ளை எல்லோரும் திடலை நோக்கி ஓடினார்கள். திறந்து கிடந்தது ஒரு தெருவின் வருஷம். டிராக்டர் ஊர்க்கோடியில், சாவி வைத்திருந்தவர் சைக்கிளில் எங்கேயோ போயிருந்தார்.

திடலை ஒட்டிய ரோட்டில் காய்ந்த நெல்லை வாரிக் குவித்தோம். மரப்பலகையால் தள்ளினோம், முறத்தால் அள்ளினோம், நான் வேட்டியால் அள்ளினேன். நடு நடுவே, "கணிப்புல இல்லையே மச்சான், பச்சைன்னுதானே காட்டுச்சு? இது மேற்குக் காத்தா, கிழக்குக் காத்தா? ஒருவேளை உடனே நின்னுடும்னு நினைக்கிறேன்..." என்று என் வாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பயம் வந்தால் என் வாய்க்குச் செயற்கைக்கோள் தேவைப்படுவதில்லை.

மச்சான் நிமிர்ந்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. என் கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக, ஊர் பார்க்க, என்னைப் பார்த்துக் கத்தினார்:

"யோவ் மஸ்கட்! வாய மூடிட்டு அந்தப் படகப் பிடிய்யா!"

 மங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். நான் படகைப் பிடித்தேன்.

தலைவருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் ஆட்கள் லாரியிலிருந்து படகை இறக்கினார்கள். எங்கள் குவியல் மேல் தலைகீழாகக் கவிழ்த்தோம். அளவெடுத்துச் செய்த மூடி மாதிரி உட்கார்ந்தது. இரண்டாவது படகு பக்கத்து வீட்டு நெல்லுக்கு. லாரியின் கேன்வாஸ் இன்னொருவருக்கு. மீட்புக் குழுவின் மழைக்கோட்டுகள், மங்கையின் பாய், பள்ளிக்கூடத்துக் கரும்பலகை என்று எது கிடைத்ததோ அது. என் லைஃப் ஜாக்கெட்டும் ஒரு சிறிய குவியலின் உச்சியில் போய் உட்கார்ந்தது. அரை மூட்டை நெல்லைக் காப்பாற்றியிருக்கும். ஒருவழியாகச் சாவி கிடைத்து டிராக்டர் வந்து தார்ப்பாய்கள் விரிந்தபோது, ஓரங்களில் நனைந்தது நனைந்ததுதான். நடுவில் கையை விட்டுப் பார்த்தார் மச்சான். கையை வெளியே எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். கையோடு ஒட்டி வந்த நெல்மணிகளில் மழைத் தண்ணீர் இல்லை என்பதைக் கவனித்தேன்.

கொட்டுகிற மழையில், படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்றபோது என் சட்டைப் பையில் ஃபோன் துடித்தது. நிலக்கண்ணிடமிருந்து செய்தி: 'மகிழ்ச்சி! உங்கள் பகுதியில் வெள்ளம் முழுமையாக வடிந்தது. மீட்புப் பணி வெற்றி.'

தலைவரிடம் இந்தியில் படித்துக் காட்டினேன். மச்சானிடம் தமிழில் படித்துக் காட்டினேன். இரண்டு மொழியிலும் அது ஒரே மாதிரிதான் இருந்தது. மச்சான் முதலில் சிரித்தார். சிரிப்பு நிற்காமல், படகின் மேலேயே சாய்ந்துகொண்டார். "வடிஞ்சுடுச்சாம்யா!" என்று பக்கத்துக் குவியலுக்குக் கத்தினார். "வடிஞ்சுடுச்சாம்!" என்று திடல் பூராவும் அந்தச் செய்தி, மழைச் சத்தத்துக்கு மேலே, நனைந்துகொண்டே போயிற்று.

மிச்ச விடுப்பு முழுவதும் ரோட்டில் காலால் நெல் துழாவினேன். வெயில் திரும்பியிருந்தது. பூட்டுத் திறந்த கொள்முதல் நிலையத்தில் மெஷினில் நெல்லைப் போட்டபோது, மச்சான் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெஷினைப் பார்த்தவர் தலையை ஆட்டி, "போடுங்க" என்றார். மூட்டைகள் ஏறின. ஓரத்தில் நனைந்த நெல்லை அவர்கள் எடுக்கவில்லை. அது கோழிகளுக்கு. மங்கை அவற்றிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்று சாப்பாடு ரசமும் அப்பளமும் மட்டும். மன்னித்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன்.

திருச்சி விமான நிலையத்தில் அதே சுங்க அதிகாரி. "மச்சான் நல்லாருக்காரா?" என்றார். பெட்டியில் உளுந்தும் வடகமும்தான் இருந்தன; லைஃப் ஜாக்கெட் மச்சானிடம். டிராக்டர் சீட்டுக்குக் குஷனாகப் போட்டிருக்கிறார்.

விமானத்துக்கு நேரம் இருந்தது. பழக்க தோஷம், நிலக்கண்ணைத் திறந்தேன். ஊர் பச்சை. திடல் பச்சை. ஆனால் மச்சான் வீட்டின் மேல், சரியாக மொட்டை மாடி இருக்கிற இடத்தில், ஒரு நீலப் பொட்டு. எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் விரல் ஃபோனை அழுத்திவிட்டது.

நான் 'ஹலோ' சொல்வதற்குள் மச்சான் சொன்னார்: "தார்ப்பாய் காயுதுய்யா. பேசாம ஃப்ளைட்ல ஏறு."